மழைக்கு எத்தனை றாத்தல்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. அதிலும் பொதுவான முட்டாள் அல்ல, எனக்கென்று ஒரு தனி வகை உண்டு. பிடித்த பதில் கையில் கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுகிற வகை. லிந்துலைக் கடைத்தெருவுக்குச் சட்டைத் துணி எடுக்கப் போவேன். இரண்டு கடையில் ஒரே விலை சொன்னால் போதும், ஊர் விலை இதுதான் என்று தீர்மானித்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இரண்டு கடையும் ஒரே குடும்பத்து அண்ணனும் தம்பியும் நடத்துவது என்று வீட்டில் சொல்லித்தான் தெரியவரும்.

இப்படிப்பட்டவன் புள்ளியியல் படிக்கக் கிளம்பினேன். தபால் வழிப் படிப்பு. பாடத்தாள்கள் கப்பலில் வரும், என் விடைத்தாள்கள் கப்பலில் போகும், திருத்தின தாள் திரும்பிவருவதற்குள் நான் செய்த தப்பு எனக்கே மறந்திருக்கும். ஐம்பதுகளின் பின்பாதி அது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் இரண்டாவது கிளாக்கர். படித்தது கொஞ்சம், படிப்பதாகச் சொல்லிக்கொண்டது நிறைய. பெரிய துரையிலிருந்து பால்காரர் வரை தோட்டத்தில் ஒருவர் பாக்கியில்லை. அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் தராசில் ஏறுமல்லவா? அதற்காக ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கு இரண்டு றாத்தல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நாளுக்கு மூன்று நிறுவை, ஆக ஆறு றாத்தல் மழைக்குப் போய்விடும். கூடையில் இருபது றாத்தல் இருந்தாலும் இரண்டு, ஆறு றாத்தல் இருந்தாலும் அதே இரண்டு. கழித்தது போக நாள் முடிவில் பதினாறு றாத்தல் தேறினால் முழுப்பேர் விழும். ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவாகும் என்று அர்த்தம். தேறாவிட்டால் அரைப்பேர்.

பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் மலைக்குத் திரும்பியிருந்தாள் ஒரு பெண். கொழுந்தெடுக்கும் மலைக்கும், கைக்குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவுக்கும் நடுவில் ஒரு மேடு, ஓர் ஓடை. பால் கொடுக்க நாளுக்கு இரண்டு தடவை அதைத் தாண்டி ஓடிப்போய் ஓடிவருவாள். அதனால் அவள் கூடையில் ஆறு, ஏழு றாத்தலுக்கு மேல் சேராது. வெயில் நாளில் எப்படியோ தேறிவிடுவாள். மழை நாளில் கழிப்பு போனால் அரைப்பேர்தான். ஆனி மாதத்தில் அக்கரப்பத்தனையில் மழையில்லாத நாள் எது? இன்னும் இரண்டு அரைப்பேர் விழுந்தால் அவளைப் பதிவிலிருந்து எடுத்து, அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற கைக்காசு ஆளாக மாற்றச் சொல்லியிருந்தார் பெரிய துரை. பதிவு போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். கொழும்புக்கு வேலை தேடிப் போன புருஷன் போனவன்தான், காம்பரா அவள் பதிவில்தான் நின்றது. அவளை நீக்குகிற கடிதத்தைத் தட்டச்சு செய்யும் வேலை என்னுடையது. தாளை இயந்திரத்தில் ஏற்றி வைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமைக் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் விஷயம் வெடித்தது. வெடிக்க வைத்தவள், மலையில் எப்போதும் முதல் வரிசை பிடிக்கிற ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு நிறுவைக்கும் இருபது றாத்தல் கொண்டுவருகிற கை, அதற்குச் சமமான வாய்.

"தொர, எங்க கூடையில ரெண்டு றாத்தல் மழ இருக்குன்னு யாரு நிறுத்துப் பாத்தது?"

"அது பழைய வழக்கம்," என்றார் துரை.

"பழசுன்னா நிறுக்காமலே தெரிஞ்சிருமோ? இத ஒழுங்கு பண்ணலேன்னா திங்கக்கெழம ஒரு கூடையும் மலை ஏறாது. இப்பவே சொல்லிப்புட்டேன்."

கம்பளியைத் தலையில் போட்டிருந்த அத்தனை பெண்களும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. துரை அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கிளாக்கர், நீ கணக்கு படிக்கிறான் தானே? இன்னைக்கே நிறுத்துப் பாரு. கூடையில் எத்தனை தண்ணி? பேசாமல் எனக்குச் சொல்லு."

துரையின் வெள்ளைக்காரத் தமிழைக் கேட்டு, பேசாமல் எப்படிச் சொல்வது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அந்த நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

தண்ணீரை அளக்க நான் கண்டுபிடித்த வழி இது. கூடையை ஈரத்தோடு நிறுப்பது. கொழுந்தை மூன்று மூன்று றாத்தலாக ஒரு துணிப்பையில் கட்டி, கவண் சுற்றுகிற மாதிரி தலைக்கு மேல் சுற்றுவது. துளி தெறிப்பது நின்றதும், கூடையையும் ஸ்டோரின், அதாவது தேயிலை ஆலையின், அடுப்படியில் காயவைத்து, இரண்டையும் மறுபடி நிறுப்பது. குறைந்த எடை எவ்வளவோ, அவ்வளவுதான் மழை. ஒரு கூடைக்கு அரை மணி நேரம். கவலையோடு வந்த பெண்களும் நான் சுற்றுவதைப் பார்த்துச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். "கிளாக்கரய்யாவுக்குச் சாமி வந்துருச்சு" என்று ஒரு குரல்.

டீமேக்கருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஸ்டோர் அவருடைய ராஜ்யம்.

"தம்பி, சுத்துனா கொழுந்து கசங்கும். கசங்குன கொழுந்து செவக்கும். செவந்தா பழி என் தலையில. ஒரு நாளைக்கு நாலு கூட, அதுக்கு மேல ஒரு எல தொட்டீங்கன்னா பையோட சேத்து ஒங்களயும் சுத்திப்புடுவேன்."

நாலே கூடை. எந்த நாலு? இங்கேதான் என் வகை முட்டாள்தனம் முழுசாக விழித்துக்கொண்டது. இருபது றாத்தல் கூடையைச் சுற்றினால் தோள் கழன்றுவிடும், வேண்டாம். ஆறு றாத்தல் கூடையில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, அதுவும் வேண்டாம். நடுத்தரமாக வந்த நாலு கூடைகளை எடுத்தேன். பதினாலு, பதினைந்து, பதினாறு, மறுபடி ஒரு பதினைந்து. தண்ணீர் நாலிலும் இரண்டு றாத்தலை ஒட்டியே வந்தது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! துரைக்கும் பிடிக்கும், தோளும் பிழைக்கும், நானும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். சாயங்கால நிறுவைக்கு வரிசையாக நின்றவர்களின் முன்னால் ஒரு கொழுந்துப்பெட்டி மேல் ஏறி நின்று அறிவித்தேன்:

"நிறுத்துப் பாத்தாச்சு. ரெண்டு றாத்தல் சரியான கழிப்புதான்!"

மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைக்காரிதான் கேட்டாள், குரலை உயர்த்தாமல்:

"எங் கூடய எப்பங்க நிறுத்தீங்க?"

அக்கா விடவில்லை.

"நடுவுல நிக்கிறவங்கள மட்டும் பாத்துப்புட்டு ரெண்டு பக்கத்துக்கும் நாயம் சொல்றீங்களே ஐயா. கல்யாணத்துக்கு ஆள் எண்ணச் சொன்னாலும் பந்தி நடுவுல போயி ஒக்காந்துக்குவீங்களோ?"

சிரிப்பு எழுந்தது. அது எனக்குச் சாதகமான சிரிப்பு அல்ல. அக்கா தன் கூடையைத் தராசில் மாட்டாமல் தரையில் இறக்கி வைத்தாள். அடுத்தவள் இறக்கினாள், அதற்கடுத்தவளும். ஐந்து நிமிஷத்தில் நிறுவைக் கொட்டகை முழுக்கக் கூடைகள், தராசுக் கொக்கி காலி. "கொழுந்து சூடேறுது, சூடேறுது" என்று டீமேக்கர் ஸ்டோர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது நான் இன்னும் பெட்டி மேலேயே இருந்தேன். இறங்குவதற்குக்கூடத் தோன்றவில்லை.

துரை கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சனிக்கிழமை நாலு மணி. அது வரைக்கும் றாத்தல் மட்டும் எழுது, யாருக்கும் பேர் போட வேணாம். சரியான கணக்கு இல்லை என்றால் பழைய கழிப்புதான். திங்கட்கிழமை வேலை நின்றால், முதலில் உனக்கு வேலை நிற்கும்." கூடைகள் ஒவ்வொன்றாகக் கொக்கிக்கு ஏறின.

ஆக, பிள்ளைக்காரியின் நாலு நாள் பேரும் என் பையில் சுழன்றுகொண்டிருந்தன.

அன்று ஆபீசில் கட்டத்தாள் ஒன்றைப் பலகையில் ஒட்டினேன். குறுக்கே கொழுந்தின் எடை, மேலே தண்ணீரின் எடை. நாலு கூடைக்கு நாலு குண்டூசி குத்தி, அவற்றை ஒட்டி ஒரு கறுப்பு நூலை இழுத்துப் பிடித்தேன். நாலு ஊசியும் நடுவில் ஒரே இடத்தில் கொத்தாக நின்றன. நூல் அந்தக் கொத்தில் மாட்டிக்கொண்டு ஊஞ்சல் பலகை மாதிரி ஆடியது. படுக்கையாகப் பிடித்தாலும் ஊசிகளுக்குச் சம்மதம். செங்குத்தாகச் சாய்த்தாலும் சம்மதம். நடுவில் இரண்டு றாத்தல் என்பது உண்மைதான். ஆனால் ஆறு றாத்தல் கூடையில் எவ்வளவு என்பதைப் பற்றி அந்த நாலு ஊசிக்கும் ஒன்றுமே தெரியாது. நடுவிலேயே இன்னும் நாற்பது ஊசி குத்தினாலும் பெரிதாகத் தெரியாது. நூலை ஆடாமல் நிறுத்த வேண்டுமானால் இரண்டு முனையிலும் ஊசி வேண்டும். சின்னக் கூடை, பெரிய கூடை. அதாவது சோம்பேறித்தனத்தால் நான் ஒதுக்கிய இரண்டும்.

சரி, எத்தனை கூடை? அதற்கும் என் பாடத்தாள்களில் ஒரு வழி சொல்லியிருந்தது. முன்கூட்டியே நூறு, இருநூறு என்று எண்ணிக்கை கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எடுக்கலாம், எடுத்ததைப் பார்த்து அடுத்தது எந்த முனையில் தேவை என்று தீர்மானிக்கலாம், போதும் என்றதும் நிறுத்தலாம். ஆனால் எப்போது போதும் என்பதை மட்டும் முதல் கூடையைத் தொடுவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை.

எழுதினேன். வியாழக்கிழமை காலை கொட்டகையில் அக்காவிடம் தாளை நீட்டினேன். அவள் வாங்கிப் பிள்ளைக்காரியிடம் கொடுத்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் அவள்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "ஊசிகளுக்கு ஒத்துவருகிற மாதிரி நூலை எவ்வளவு ஏற்றிப் பிடிக்கலாம், எவ்வளவு இறக்கிப் பிடிக்கலாம் என்று ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் எல்லாரும் பார்க்க அளக்கப்படும். ஆறு றாத்தல் கோட்டில் அந்த இரண்டுக்கும் இடைவெளி கால் றாத்தலுக்குள் வந்தால் நிறுத்த வேண்டும். வராவிட்டால் நிறுத்தக்கூடாது."

"பதிலு யாருக்குப் புடிச்சாலும்?" என்றாள் அக்கா.

"யாருக்குப் பிடிச்சாலும், அக்கா."

"ஒங்களுக்குப் புடிச்சாலும்?"

தலையாட்டினேன். தாளைக் கொட்டகைத் தூணில் அவளே குத்தினாள்.

புதன்கிழமை ஊசிகள் அப்படியே இருந்தன. வியாழன் நாலு கூடை சேர்ந்தது. ஒரு சின்னது, ஒரு பெரியது, ஒரு சின்னது, ஒரு பெரியது. பெரிய கூடைகளில் இரண்டரையை ஒட்டி வந்தது. சின்னதில் ஒன்று ஒன்றேகால், ஒன்று ஒரு றாத்தல். நூல் சாயத் தொடங்கியது தெரிந்தது. ஆனால் இடைவெளி அரை றாத்தலுக்கு மேல்.

வெள்ளிக்கிழமை முதலில் பிள்ளைக்காரியின் கூடையையே எடுத்தேன். ஆறு றாத்தல். முக்கால் றாத்தல்தான் தண்ணீர்! கொட்டகையில் ஒரு மூச்சு விட்ட சத்தம். எனக்கோ உடம்பெல்லாம் அரித்தது. இத்தோடு நிறுத்து, இத்தோடு நிறுத்து என்று உள்ளே இருந்த ஆள் குதிக்கிறான். முந்தாநாள் துரைக்காகக் குதித்தவனேதான், இன்றைக்கு நல்ல எண்ணத்தோடு வந்திருந்தான். நல்ல எண்ணம் என்றால் அவனை அடக்குவது இன்னும் கஷ்டம். நூலை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். இடைவெளி அசையவில்லை.

"அடுத்த சின்னக் கூட," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதில் ஒன்றே முக்கால் வந்தது. புதரடியில் கூடையை இறக்கி வைத்திருந்தாளோ, துளி விழுகிற மரத்தடியில் நின்றாளோ, தெரியாது. ஊசி குத்தியதும் நூல் மேலே ஏறியது. பிள்ளைக்காரி பலகையைப் பார்க்காமல் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது கணக்குல சேருமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். அக்கா திரும்பாமலே தூணைக் காட்டினாள். சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு பெரியதும் ஒரு சின்னதும். இடைவெளி அரை றாத்தலுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. இரண்டு கூடை சுற்றினேன். தோளில் இரண்டு நாளாகத் தைலம். என் வாடையை வைத்தே நான் வருவதைக் கண்டுபிடித்தார்கள். இடைவெளி கால் றாத்தலுக்கு மேல் ஒரு நூலிழை. இன்னும் இரண்டு கூடை இருந்தால் போதும் என்று நினைத்தபடி நிமிர்ந்தேன். மழை நின்றுவிட்டது. மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. அக்கரப்பத்தனையில் ஆனி மாத வெயிலைத் திட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். மத்தியான நிறுவைக்கு வந்த கொழுந்து காய்ந்து சலசலத்தது. காலையில் நனைந்த கொழுந்தையெல்லாம் டீமேக்கர் தட்டுகளில் பரப்பிக் கதவைச் சாத்தியிருந்தார்.

"ரெண்டே கூடை, ஐயா."

"கொழுந்துல கை வைக்காதீங்க. முடிஞ்சுபோச்சு."

மணி மூன்று தாண்டியிருந்தது. பலகை முன்னால் நின்றேன். ஒரு நூலிழைதானே? ஊசியைக் கொஞ்சம் அழுத்திக் குத்தினால், நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால், யாருக்குத் தெரியும்? விரல் ஊசி வரைக்கும் போயிற்று. பக்கத்தில் மூச்சுச் சத்தம். அக்கா நின்றிருந்தாள். அவள் பார்த்தது என் விரலை.

"என்னங்க, பத்தலையா?"

"பத்தல. ஈரக் கூடை வேணும், அக்கா. சின்ன முனையில. எவ்வளவுக்கெவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு நல்லது. நூலு ஆடாம நிக்கும்."

பலகையில் சின்ன முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொட்டகை மூலைக்குப் போய், காலை நிறுவையில் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்த தன் பழைய கூடையைத் தூக்கிவந்தாள். பிரம்பு மழையைக் குடித்துக் கறுத்திருந்தது.

"கொழுந்தத்தான தொடக் கூடாது? கூடயத் தொடலாமுல்ல? இதவிடச் சின்னது ஏதுங்க?"

காலிக் கூடை! கொழுந்து பூஜ்யம் றாத்தல். சின்ன முனைக்கும் சின்ன முனை அது. சுற்ற வேண்டாம், கசங்காது, சிவக்காது, டீமேக்கரிடம் கெஞ்ச வேண்டாம். கப்பல் கப்பலாகப் பாடத்தாள் வரவழைத்தவனுக்கு மூன்று நாளாக இது தோன்றவேயில்லை. ஈரத்தோடு நிறுத்து, ஸ்டோர் அடுப்படியில் காயவைத்தேன். மறுபடி நிறுத்தேன், அரை றாத்தல் குறைவு. பெண்கள் ஓடிப்போய் ஈரம் காயாத காலிக் கூடைகளாகத் தேடிக் கொண்டுவந்தார்கள். எட்டுக் கூடை. எல்லாம் அரை றாத்தலைச் சுற்றியே. எட்டு ஊசிகளையும் ஓரத்துக் கோட்டில் குத்தி நூலைப் பிடித்தேன். ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். இடைவெளி கால் றாத்தலுக்கு உள்ளே, நன்றாக உள்ளே.

நாலு மணிக்குத் துரை வந்தார். தூணிலிருந்த தாளை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நூலின் முனையைத் தன் கையாலேயே பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?"

"கூடை குடிக்கிறது அரை றாத்தல், சார். அதுக்கு மேல கொழுந்துல பத்துக்கு ஒன்னு. ஆறு றாத்தலுக்கு ஒரு றாத்தலும் கொஞ்சமும். பதினஞ்சுக்கு ரெண்டு. இருபதுக்கு ரெண்டரை."

நூலை விட்டார். "சரி. அப்படி எழுது. இந்த நாலு நாளும் அப்படியே."

பிள்ளைக்காரியின் றாத்தல்களைக் கொட்டகையிலேயே அவள் கண் முன்னால் மறுபடி போட்டேன். புதன் தேறியது. வியாழன் தேறவில்லை, அரை றாத்தல் குறைவு. வெள்ளி பதினாறரை. சனி, வெயில் வந்த புண்ணியத்தில், பதினேழு. ஒரே ஓர் அரைப்பேர்தான். இரண்டாவது விழவில்லை. அவள் நாலு நாளையும் விரல் வைத்து மறுபடி ஒரு தடவை வாசித்தாள், பிறகு பிள்ளைக் காம்பரா பக்கம் ஓடினாள். பால் நேரம். ஆபீசுக்குப் போய் இயந்திரத்திலிருந்த தாளை உருவிக் கிழித்தேன்.

திங்கட்கிழமை எல்லாக் கூடையும் மலை ஏறின. மழையும் ஏறியது. காலை நிறுவைக்கு முதல் ஆளாக வந்தவள் அக்காதான். கொக்கியில் மாட்டினாள், இருபது றாத்தல். இரண்டரை கழித்து எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது. பழைய கழிப்பில் இரண்டுதானே அவளுக்கு? முதல் வரிசைக்காரிக்கு நாளுக்கு ஒன்றரை றாத்தல் இனிமேல் கூடுதலாகப் போகும். அதுவும் மழைக்காலம் முழுக்க.

"அக்கா," என்று இழுத்தேன். கேலிக்கு என்றால் முந்திக்கொண்டு வருகிற என் நாக்கு, தேவைப்பட்ட நேரத்தில் புளிமூட்டையாகக் கிடந்தது. "நீங்க குடுத்த கூடையாலதான் இந்தக் கணக்கே நின்னுச்சு. ஆனா இதுல ஒங்களுக்குத்தான் நட்டம். அன்னைக்கே நான் அதச் சொல்லியிருக்கணும்."

கூடையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கொழுந்தைக் கொட்டிவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"தெரியும், தள்ளுங்க."